கால்மணிக்கு மட்டும் மெய் சொன்ன கடிகாரம்

இந்தக் கட்டுரையில், நான் நேரில் கண்டவற்றையும், கண்டவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். வாய்மையின்மேல் எனக்குள்ள பற்றே இதற்குக் காரணம் என்று முதலில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். உண்மையான காரணம், என் மனைவி இதைப் படிப்பாள் என்பது. பின்னலாடை நிறுவனம் ஒன்றில், தைத்து முடிந்த ஆடைகளைச் சோதிக்கும் பிரிவுக்கு அவள் பொறுப்பு. ஒரு பனியனை எடுத்து மேசைமேல் விரித்தாளானால், நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அதிலுள்ள குறைகள் அனைத்தையும் கண்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அம்புக்குறி போட்ட சிறிய சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள். என் பக்கம் சற்றே சாய்ந்த ஒரு சொல்லுக்கும் அதே கதிதான்.

நானும் பிழை காண்பவன்தான். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்று, இப்போது அச்சகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துகிறேன். பிறர் எழுத்தில் ஓர் ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. எங்கள் இருவருக்கும் ஒரே வேறுபாடு, அவள் காணும் குறைகள் களையப்படுகின்றன. நான் காண்பவை பெரும்பாலும் அப்படியே அச்சாகின்றன.

எங்கள் வீடு திருப்பூரை அடுத்த வீரபாண்டியில் இருக்கிறது. சமையலறைச் சுவரில் ஒரு பழைய கடிகாரம் தொங்கியது. அது எங்களிடம் எவ்வாறு வந்தது என்பதில் எனக்கும் அவளுக்கும் கருத்து வேறுபாடு இருப்பதால் அந்த வரலாற்றை விட்டுவிடுகிறேன். ஐயத்துக்கு இடமில்லாதது, அது ஏழு நிமிடம் முன்னால் ஓடியது என்பது. பழுதால் அன்று. மனைவி அப்படி வைத்திருந்தாள்.

நிறுவனத்தின் வேன் காலை எட்டு மணிக்கு எங்கள் தெருமுனைக்கு வரும். இரண்டு முறை ஹாரன் அடிக்கும் நேரந்தான் நிற்கும். சமையலறைக் கடிகாரம் எட்டு மணி காட்டும்போது அவள் அடுப்பை அணைப்பாள். எட்டு மூன்றுக்கு வாசலைத் தாண்டுவாள். தெருமுனை இரண்டு நிமிட நடை. வேன் வரும்போது அவள் அங்கே நின்றுகொண்டிருப்பாள். பதினொரு ஆண்டுகளாக இது நடந்துவந்தது. அவள் ஒருநாளும் வேனைத் தவறவிட்டதில்லை. அந்த வேனில் அப்படிச் சொல்லிக்கொள்ளத்தக்கவர் வேறொருவரும் இல்லை. அவள் அதைச் சொல்லிக்கொள்வதும் இல்லை. டிரைவர் சொல்வார், அவள் காதில் விழாததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். இதை உடன்வரும் பெண்ணொருத்தி எங்கள் மகளிடம் சொல்ல, மகள் என்னிடம் சொன்னாள்.

பணியிலிருந்த காலத்தில் அந்த ஏழு நிமிடம் என்னை உறுத்தவில்லை. ஓய்வு பெற்றபின், வெளிச்சம் நன்றாக இருப்பதால் சமையலறை மேசையில் அமர்ந்துதான் மெய்ப்புத் திருத்துகிறேன். தலை நிமிர்ந்தபோதெல்லாம் எதிர்ச்சுவரில் ஒரு பிழை. ஒருநாள் காலை கேட்டேவிட்டேன்.

“தெரிஞ்சே தப்பா வெக்கறதுல என்ன இருக்குது? ஏழு நிமிசம் அதிகம்னு உனக்கே தெரியும். மனசுல கழிச்சுட்டுத்தானே பாக்கறே?”

“கழிக்கறதில்லீங்க,” என்றாள் அவள், தோசைக் கல்லை விட்டுக் கண்ணை எடுக்காமல். “அது எட்டுன்னா எனக்கு எட்டுத்தான்.”

“அப்ப பொய்ய நம்பறேன்னு சொல்லு.”

“தைக்கறதுக்கு ஓரத்துல துணி உட்டுத்தானுங்க வெட்டறோம். அதையும் பொய்யின்னு சொல்லுவீங்களாட்டம்.”

விடை தோன்றாதபோது பேசாமலிருப்பது அறிவுடையோர் இயல்பு. நான் அவள் வேனேறிச் செல்லும்வரை காத்திருந்து, முக்காலியின்மேல் ஏறினேன்.

கடிகாரத்தை ஆணியிலிருந்து எடுத்து இடக்கையில் வைத்துக்கொண்டேன். வலக்கையில் கைப்பேசி. நிமிடம் மாறும் அந்த நொடியிலேயே பின்புறக் குமிழைத் திருப்பி நிறுத்த வேண்டும் என்பது என் திட்டம். ஏறக்குறையச் சரி என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த நொடிக்காகக் காத்திருந்தபோது கைப்பேசி ஒலித்தது. நான் அதிர்ந்தேன், இரண்டும் நழுவின. எதைப் பிடிப்பது என்று முடிவு செய்யும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது என்றே சொல்ல வேண்டும். கைப்பேசியைப் பிடித்தேன். அழைத்தவர் அச்சகக்காரர். ஓர் அழைப்பிதழில் நான் திருத்திக் கொடுத்த பிழையைத் திரும்பவும் பழையபடியே போடச் சொல்லி மணமகன் வீட்டார் கேட்பதாகச் சொன்னார்.

மாலையில் மனைவி வந்து வெறும் ஆணியைப் பார்த்தாள்.

“கடிகாரம் எங்கீங்க?”

“திருத்தலாம்னு எடுத்தேன்.”

மூலையில் கூட்டி வைத்திருந்த கண்ணாடித் துண்டுகளையும் பார்த்தாள். “நல்லாத் திருத்திப்போட்டீங்க.”

எங்கள் மகள் வேறொரு நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். எந்தச் சிக்கலுக்கும் அவளிடம் கைப்பேசியில் தீர்வு இருக்கும். “போன்ல போட்டா நாளைக்கு வந்துருமுங்கப்பா,” என்றாள்.

அப்போதுதான் அந்தச் சொற்கள் என் வாயிலிருந்து வந்தன. “வாங்க வேண்டாம். நானே செய்யறேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை ஆராய்ந்து பார்த்தேன். உடைத்த குற்றத்தை உழைத்துக் கழிக்கும் எண்ணம் சிறிது இருந்தது. இனி அந்தச் சுவரில் தொங்குவது என் கடிகாரமாக இருந்தால் அது சரியான நேரத்தைத்தான் காட்டும் என்ற எண்ணம் மிகுதியாக இருந்தது. கருவிகளைப் பொறுத்தவரை, என் வாழ்நாளில் நான் அதுவரை செய்து முடித்த ஒரே பொருள் மாணவர் கண்காட்சிக்கு அட்டையில் செய்த ஒரு தேர். அதன் சக்கரம் சுற்றவில்லை.

மனைவி ஒரு நிபந்தனை போட்டாள்: “செய்யுங்க. ஆனா ஒண்ணு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சரக்கு வாங்கற பையரோட ஆள் சோதிக்க வர்றாரு. எட்டரைக்கெல்லாம் நான் அங்க நின்னு பொட்டியெல்லாம் பிரிச்சு வெக்கோணும். நான் பாத்து அனுப்பின பீஸுங்க அது, வேற யாரும் பதில் சொல்ல முடியாது. அன்னைக்குச் செவுத்துல ஒழுங்கான கடிகாரம் இருக்கோணுமுங்க.”

“அதுவரைக்கும் போன்ல பாத்துக்க.”

“மாவுக் கையில போன நோண்டிட்டே இருக்கட்டுமா?”

வேலை தொடங்கியது. கடிகாரத்தின் உயிராகிய பகுதியைக் கடைகளில் மெஷின் என்று விற்கிறார்கள்: உள்ளங்கையளவுக் கறுப்புப் பெட்டி, நடுவில் ஒரு தண்டு, மூன்று முட்கள். கடைக்காரர் பலகையின் தடிமன் என்ன என்று கேட்டார். சாதாரணத் தடிமன் என்றேன். வீட்டுக்கு வந்து பிளைவுட் பலகையில் துளையிட்டுச் செருகினால், தண்டு மறுபக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி போனேன். “அளந்துட்டு வந்தீங்களா சார்?” என்றார் கடைக்காரர். சட்டைப் பையிலிருந்து அளவெழுதிய தாளை எடுத்துக் காட்டினேன். துளையின் விட்டம் எழுதியிருந்தது, தடிமன் எழுதவில்லை. மூன்றாம் முறை பெற்றதுதான் பொருந்தியது.

பலகையின்மேல் எண்கள் எழுதிய முகப்பு வேண்டும். பிற ஊர்களில் இதற்குத் தாளோ தகடோ தேடியிருப்பார்கள். திருப்பூர்க்காரன் கை துணிக்குத்தான் போகும். இங்கே எந்த வீட்டிலும் கட்டிலுக்கடியில் ஒரு மூட்டை இருக்கும்: வெட்டி மீந்த பனியன் துணிகள். வண்டி துடைக்கவும் சூடான பாத்திரம் பிடிக்கவும் அதிலிருந்துதான் எடுப்போம். எங்கள் மூட்டையில் கறையற்ற வெண்மையான ஒரு துண்டு கிடைத்தது. மகள் எப்போதோ பூவேலை பழக வாங்கிய மரவளையமும் பரண்மேல் கிடைத்தது. ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருந்தும் இரு வளையங்கள். இடையில் துணியைச் செருகித் திருகை முறுக்கினால் துணி விறைப்பாக நிற்கும். அதைப் பலகைமேல் பொருத்திவிட்டால் கடிகாரம் ஆயத்தம்.

மனைவி துணியை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். “இது மிசின்ல இருந்து அப்படியே வந்த துணியாட்டம் இருக்குதுங்க. காம்பாக்டிங் போகலை.”

பின்னிய துணியை நீராவியில் அமுக்கி, பின்னால் சுருங்காமலும் திருகாமலும் அடக்கி எடுக்கும் வேலைக்கு இங்கே அந்தப் பெயர். எனக்கும் தெரியும். இந்த ஊரில் தெரியாதவர் எவர்?

“செவுத்துல தொங்கப் போற துணிதானே,” என்றேன்.

“மொதல்ல ஒரு தண்ணியில போட்டெடுங்க. ஒரு நாள் சும்மா விரிச்சுக் கெடக்கட்டும். அதுக்கப்பறம் கோடு போடுங்க.”

துவைத்தேன், உலர்த்தினேன், கோடும் போட்டேன். அவள் சொன்ன மூன்றையும் செய்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வரிசை மட்டும் மாறிவிட்டது. முதலில் கோடு போட்டேன்.

கவராயத்தால் வட்டம், பாகைமானியால் பன்னிரண்டு பிரிவுகள். தமிழ் எண்களைத்தான் எழுதுவதாக இருந்தேன். “அம்மா சுவத்தப் பாத்து மணி சொல்லோணுமா, இல்ல கல்வெட்டுப் படிக்கோணுமா?” என்று மகள் கேட்டதால் வழக்கமான எண்களுக்கு இறங்கி வந்தேன். ஆனால் நிமிடப் புள்ளிகளில் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய கடிகாரத்தில் புள்ளிகளே கிடையாது, என்னுடையதில் அறுபது. துணிச் சாயத்தைத் தீக்குச்சி முனையில் தொட்டு ஒவ்வொன்றாக வைத்தேன். மூன்று பிற்பகல்கள் போயின. ஐம்பத்தெட்டாம் புள்ளியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே என் காப்பிக் குவளையின் அடித்தடம் இருந்தது.

அப்போதுதான் துவைத்தேன். சாயம் போகவில்லை, காப்பி போயிற்று. பெருமையோடு பிழிந்து கொடியில் போட்டேன். உலர்ந்தபின் பார்க்க, வட்டம் ஒருபக்கம் ஒசிந்து நிற்பதுபோல் தோன்றியது. வளையத்தில் செருகி, பன்னிரண்டு உச்சிக்கு வரும்வரை அங்குமிங்கும் இழுத்தேன். இழுத்த இழுப்புக்கு வந்தது. பனியன் துணியின் இயல்பே அதுதான். அந்தப் பணிவை நான் உடன்பாடு என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் என் உடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட பனியன்களைத்தான் இங்கே பலரும் வீட்டில் அணிகிறோம். நான் அன்று அணிந்திருந்ததும் அத்தகையதே. அடக்கப்படாத துணியில் தைத்தது. முதல் துவைப்பிலேயே திருகிக்கொண்டு, அக்குளிலிருந்து இடுப்புக்கு நேராக இறங்க வேண்டிய பக்கத் தையல், வயிற்றின் குறுக்கே நடந்து தொப்புளருகே வந்து முடிந்தது. நூலின் முறுக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் துணி சாயும். எவ்வளவு இழுத்து நேராக்கினாலும் சில நாளில் தன் சாய்வுக்கே திரும்பிவிடும். இதற்கான சான்றை மார்பிலும் வயிற்றிலும் அணிந்துகொண்டு நான் கடிகாரம் செய்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அதைச் சுவரில் மாட்டினேன்.

“முன்னால வெச்சிருக்கீங்களா?” என்றாள் மனைவி.

“இல்ல. உள்ளது உள்ளபடி. ஒரு நொடி பிசகாது.”

அவள் விரல்விட்டு எண்ணினாள். “அப்ப நான் ஏழு அம்பத்தாறுக்கு வாசப்படி தாண்டோணும். புதுசாப் பழகோணும்.” பிறகு கிட்டே போய்ப் பார்த்தாள். “புள்ளியெல்லாம் நல்லா இருக்குதுங்க.”

அந்தப் பாராட்டை நான் அன்றிரவு உணவின்போது இரண்டுமுறை நினைவூட்டினேன் என்று மகள் சொல்கிறாள். ஒருமுறை என்பதே என் நினைவு.

கடிகாரத்தின் நேர்மையை உறுதி செய்ய ஒரு குறிப்பேடு தொடங்கினேன். நாள்தோறும் காலையில் பால் வாங்கி வைத்துவிட்டு, சரியாக ஆறேகால் மணிக்கு அதையும் கைப்பேசியையும் ஒப்பிட்டு எழுதினேன். திங்கள்: வேறுபாடு இல்லை. செவ்வாய்: இல்லை. புதன்: இல்லை. அந்த வாரம் விட்டுவிட்டு மழை பெய்தது. புதனன்று பன்னிரண்டு சற்று வலப்பக்கம் சாய்ந்ததுபோல் தெரிந்தது. என் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றும் குறித்துவைத்தேன்.

வியாழக்கிழமை மாலை மனைவி வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: “ஹாரன் அடிக்கறப்பத்தான் போய்ச் சேந்தனுங்க. ஓடி ஏறினேன். கடிகாரம் பின்னால ஓடுது.”

நான் குறிப்பேட்டை எடுத்துவந்து அவள்முன் விரித்தேன். “நாலு நாளும் சரியா இருக்குது. பாரு. வேன்தான் முன்னால வருது.”

அவள் படித்தாள். நான்கு வரிகளையும் படித்தாள். “இதக் கொண்டுபோய் டிரைவர்கிட்டக் காட்டட்டுங்களா? ‘எங்கூட்டுக்காரரு எழுதி வெச்சிருக்காரு, இனிமே இதப் பாத்து வண்டி ஓட்டுங்க’ன்னு?”

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளறைக்குப் போய்விட்டாள்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க,” என்றாள் மனைவி. குரலில் விளையாட்டு இல்லை. “நம்பலாமுங்களா?”

“தாராளமா நம்பு.”

வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்கு ஒப்பிட்டேன், வேறுபாடு இல்லை. அவள் வழக்கத்தினும் விரைவாகவே வேலைகளை முடித்து, கழுத்தில் இஞ்சு டேப்பை மாலையாகப் போட்டுக்கொண்டு, முள் ஏழு ஐம்பத்தாறாம் புள்ளியைத் தொட்டதும் வாசலைத் தாண்டினாள். நான் மேசையில் அமர்ந்து மெய்ப்பை விரித்தேன். தெருமுனையிலிருந்து ஹாரன் இரண்டுமுறை கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன்: ஏழு ஐம்பத்தேழு. வேன் இன்று மூன்று நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் அவள் வாசலில் நின்றாள். மூச்சிரைத்தது.

“வண்டிய எடுங்க.”

“வேன் இன்னைக்கு முன்னாலயே—”

“வண்டிய எடுங்கன்னு சொன்னனுங்க. எடுக்கறீங்களாங்க?”

சினம் மிகும்போது எங்கள் பகுதியில் மரியாதை குறைவதில்லை, கூடும். ஒரு வாக்கியத்தில் இரண்டு முறை அது வந்துவிட்டால் பேசாமல் எழுந்துவிட வேண்டும். மகள் குளியலறையில் இருந்தாள். என் பழைய மொபெட்டை எடுத்தேன். பனியனை மாற்ற நேரமில்லை.

அவளுடைய நிறுவனம் ஊரின் மறுபக்கம், அவிநாசி சாலையை ஒட்டி இருக்கிறது. வழியில் வேன் இன்னும் மூன்று இடங்களில் ஆளேற்றும். முந்திப் பிடித்துவிடலாம் என்று அவள் கணக்கிட்டாள். அவள் கணக்கில் பிழையில்லை. ஓட்டுபவன் நான் என்பதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தலைக்கவசத்தின் வாரைச் சரிபார்த்தேன். கண்ணாடியைத் திருத்தினேன். ஆளில்லாத எங்கள் தெருமுனையில் திரும்புவதற்கு விளக்குப் போட்டேன்.

“எறும்புக்குங்களா சிக்னல் போடறீங்க?”

“விதின்னு ஒண்ணு இருக்குது.”

முதல் நிறுத்தத்தில் வேன் போய்விட்டிருந்தது. இரண்டாவதிலும். அதுவரை திட்டிக்கொண்டே வந்தவள் அங்கே பேச்சை நிறுத்தினாள். சிறிது தூரம் சென்றபின், என் தோளுக்குப் பின்னாலிருந்து, யாரிடமும் சொல்லாததுபோல், “பதினோரு வருசமுங்க,” என்றாள்.

அந்த மொபெட்டை நான் அதற்குமுன் அவ்வளவு வேகத்தில் ஓட்டியதில்லை. அதற்குப் பின்னும் ஓட்டியதில்லை. ஒரு சாயப்பட்டறை வண்டியை முந்தினேன். விளக்குப் போடவில்லை. இதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் நிறுத்தத்தில் வேன் நின்றுகொண்டிருந்தது. சாப்பாட்டுப் பையை மறந்து வீட்டுக்கு ஓடிய ஒரு பெண்ணுக்காக டிரைவர் காத்திருந்தார். ஜன்னல்களில் முகங்கள் தோன்றின.

“அக்கா வர்றாங்க! அண்ணன் கொண்டாந்து உடறாரு!”

“வாத்தியாரே,” என்றார் டிரைவர், “நம்ம வேன் உங்களுக்குப் புடிக்கலீங்களா?”

மனைவி இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டாள். ஜன்னலோரம் இருந்த இளம்பெண் கேட்டாள்: “ஏனுங்கக்கா, ஊட்டுல கடிகாரம் நின்னுபோச்சுங்களா?”

“நிக்கலை கண்ணு. நல்லா ஓடுது. எங்கூட்டுக்காரரு சொந்தமாச் செஞ்சது.”

வேன் முழுவதும் என்னைப் பார்த்தது. இவர்கள் அனைவரும் நாள்முழுவதும் ஆடையில் குறை காண்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்பதை நான் மறந்திருந்தேன். அந்தப் பெண்ணின் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி வயிற்றில் நின்றது.

“அக்கா, அண்ணனோட பனியனப் பாருங்க! சைடு தையலு தொப்புளுக்கே வந்துருச்சு. டேப்ப எடுங்க, திருகல் எத்தனன்னு அளந்துபோடலாம். பையர் ஆள் பாத்தா மயங்கி உழுந்துருவாரு!”

சிரிப்பினூடே வேன் புறப்பட்டது. மனைவியும் சிரித்தாளா என்பதை நான் கவனிக்கவில்லை. நான் குனிந்து என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தையலை மூன்றாண்டுகளாகப் பார்த்துவருகிறேன், அன்றுதான் படித்தேன்.

வீட்டுக்கு வந்து கடிகாரத்தின்முன் நாற்காலி போட்டு அமர்ந்தேன். துணி தன் சாய்வுக்குத் திரும்பியிருந்தது. பன்னிரண்டு, தான் இருக்க வேண்டிய உச்சியிலிருந்து மூன்று புள்ளி வலப்பக்கம் போயிருந்தது; ஆறு, அதே அளவு இடப்பக்கம். மூன்றும் ஒன்பதும் அசையவில்லை. துணி மேலும் கீழும்தான் சாய்கிறது. குறுக்கே அப்படியே இருக்கிறது. ஒன்பது மணிக்குக் கைப்பேசியோடு ஒப்பிட்டேன்: மூன்று நிமிடம் பின்தங்கியிருந்தது. ஒன்பதேகாலுக்கு: சரி. ஒன்பதரைக்கு: மூன்று நிமிடம் பின். ஒன்பதே முக்காலுக்கு: சரி. மெஷின் குற்றமற்றது. முள் சரியாகவே நடந்தது. அதன் அடியிலிருந்த எண்கள்தான் நகர்ந்துவிட்டன. முழுமணிக்கும் அரைமணிக்கும் பொய், கால்மணிக்கும் முக்கால்மணிக்கும் மெய். நானோ ஒரு நாள் தவறாமல், ஒரு நிமிடம் பிசகாமல், ஆறேகாலுக்கே சோதித்து வந்திருக்கிறேன். குறிப்பேட்டில் ஒரு வரிகூடத் தவறில்லை. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகத் துல்லியமான ஆவணம் அது.

மாலையில் அவள் வந்தாள். பையை வைக்கும்முன் கேட்டேன்: “என்னாச்சு?”

“பாஸுங்க.”

“தையல் திருகல்?”

“அளவுக்குள்ளதானுங்க. அதுலயெல்லாம் உட்டுருவனுங்களா?”

நான் கண்டறிந்ததைச் சொன்னேன்; சொல்லும்போது குறிப்பேட்டைக் காட்டவில்லை. அவள் முக்காலியில் ஏறி, இரு கைகளாலும் கடிகாரத்தை எடுத்து, மேசையில் வைத்தாள். கழுத்திலிருந்த டேப்பை உச்சியிலிருந்து நேராகப் போட்டு, பன்னிரண்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தாள். அம்பு நேரே பன்னிரண்டைக் காட்டும்படி ஒட்டினாள்.

“ரிஜெக்டுங்க.”

“ஆல்டர் பண்ணலாமா?” என்றேன். பிரித்துத் தைத்துத் தேறவைக்கும் ஆடைகளை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவள் மொழியில் பேசினால் இரக்கம் பிறக்கும் என்று நினைத்தேன்.

“தையலுன்னா பண்ணலாமுங்க. இது துணியோட கொணம். இனி எத்தன தரம் இழுத்தாலும் சாயத்தான் சாயும்.”

“அதத்தாங்கம்மா நான் மொதல்லயே சொன்னேன்,” என்றாள் மகள். “போன்ல போட்டர்றேன். நாளைக்கு வந்துரும்.”

மனைவி கடிகாரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடியும் முன்பக்கம் திருப்பினாள். ஐம்பத்தொன்பதாம், அறுபதாம் புள்ளிகளின்மேல் விரலை ஓட்டினாள். காப்பிக்குப் பின்னால் வைத்தவை அவை. மற்றவற்றைவிடச் சற்றுப் பெரியவை. “இருக்கட்டும் கண்ணு,” என்று மகளிடம் சொல்லிவிட்டு, அதைத் திரும்பவும் ஆணியில் மாட்டினாள்.

சனி, ஞாயிறு இரு நாளும் நான் குறிப்பேட்டைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை, பழக்கத்தின் காரணமாக, கடிகாரம் ஆறேகால் காட்டும்போது கைப்பேசியை அதற்கு நேரே பிடித்தேன். கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் இருந்தது. ஆறேகாலுக்குப் பொய் சொன்னது அதுவே முதல்முறை. காத்திருந்து, அது ஏழு மணி காட்டும்போது பார்த்தேன். ஏழு நிமிடம் முன்னால் இருந்தது. முழுமணிக்குத் துணியின் சாய்வு மூன்று நிமிடத்தைத் தின்றுவிட, மிஞ்சியது ஏழு. பழைய கடிகாரத்தில் இருந்த அதே ஏழு. மெஷினின் பின்னாலுள்ள குமிழ் தானாகத் திரும்புவதில்லை. யாரேனும் திருப்பினாலன்றி முள் பத்து நிமிடம் முந்தியிருக்காது.

என் கை குமிழை நோக்கிப் போனது உண்மை. முக்காலியை இழுத்ததும் உண்மை. ஏறவில்லை.

மனைவி அன்று, கடிகாரம் எட்டு காட்டும்போது அடுப்பை அணைத்தாள். எட்டு மூன்றுக்கு வாசலைத் தாண்டினாள். சிறிது நேரம் கழித்துத் தெருமுனையில் ஹாரன் இரண்டுமுறை கேட்டது. யாரும் திரும்பி வரவில்லை. இன்றுவரை அப்படியே நடந்துவருகிறது. கடிகாரம் அதே ஆணியில் தொங்குகிறது. சிவப்பு ஸ்டிக்கரை யாரும் எடுக்கவில்லை. அந்தப் பனியனை நான் வண்டி துடைக்கப் போட்டுவிட்டேன்.

உறுதி செய்ய இயலாதவை இவை. துணி இன்னும் எவ்வளவு சாயும் என்பது தெரியாது. குமிழைப் பத்து நிமிடம் முன்னால் திருப்பி வைத்தது மனைவியா மகளா என்பது தெரியாது. இருவரையும் நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மூன்றாம் நிறுத்தத்தில் ஏறினாலும் ஏறியது ஏறியதுதான், பதினொரு ஆண்டுப் பெயர் கெடவில்லை என்று டிரைவர் சொன்னாராம். அவள் வழக்கம்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாளாம். அந்த வெள்ளிக்கிழமையைத் தவறிய நாள் என்று அவள் தன் மனத்தில் எண்ணியிருக்கிறாளா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.